அலுமினிய ஒட்டு மூட்டு மழைக்காலத்தில் மட்டும் விட்டுப்போவது ஏன்?

கேள்வி: கோவைப் பட்டறை

வணக்கம். பம்புசெட் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் உட்புறத்தில், ரிவெட் அடிக்க இடமில்லாத இடங்களில், அலுமினியத் தாங்கிகளை இரு கூறு எபாக்சியால் ஒட்டி வருகிறோம். தகட்டை எமரித் தாளால் தேய்த்து, தின்னரில் நனைத்த காட்டன் வேஸ்டால் துடைத்துவிட்டுப் பசை பூசுவது வழக்கம். மறுநாள் நெம்பிப் பார்த்தாலும், இழுவைச் சோதனைக்கு அனுப்பினாலும் மூட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திறந்தவெளியில் பொருத்திய பெட்டிகளில், ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்ததும் தாங்கிகள் கழன்று விழுகின்றன. விழுந்த இடத்தில் தகடு பளிச்சென்று இருக்கிறது, பசை முழுவதும் தாங்கியோடு போய்விடுகிறது. விற்பனையாளர் இன்னும் விலை கூடிய பசையை வாங்கச் சொல்கிறார். குறை பசையிலா, மேற்பரப்பிலா?

பதில்: விமானப் பராமரிப்பு, ஓய்வு

தகடு பளிச்சென்று இருப்பதாக நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பசையின் வலிமை போதாமல் மூட்டு உடைந்திருந்தால், பசையே நடுவில் கிழிந்து இரண்டு முகங்களிலும் படலமாக ஒட்டியிருக்கும். ஒரு முகம் சுத்தமாக விட்டுவிட்டதென்றால், குறை அந்த முகத்தைத் தயாரித்த விதத்தில்தான் இருக்கும். விலை கூடிய பசையும் அதே இடத்தில் விட்டுவிடும்.

மறுநாள் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. உலர்ந்த நிலையில், சுமாராகத் தேய்த்த தகடும் முறையாகத் தயாரித்த தகடும் இழுவையில் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தந்துவிடும். வேறுபாடு தெரிவது நீர் புகுந்த பிறகே. பசைக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள எல்லையை ஈரம் எட்டியதும், அங்குள்ள அலுமினிய ஆக்சைடு நீரை ஏற்று ஹைட்ராக்சைடாக மாறிப் பருக்கிறது. அந்தப் புதிய படலத்துக்கு அடியிலுள்ள உலோகத்தின்மேல் பிடிப்பு இல்லாததால், மூட்டு அதனோடு சேர்ந்து உரிந்து வருகிறது.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் முன்பகுதிக் கூரை பிய்ந்துபோனதன் பின்னணியிலும் இது இருந்தது. அந்தப் பழைய விமானத்தின் மேற்பொருந்து மூட்டுகளில் (ஒரு தகட்டின் விளிம்பு மற்றதன்மேல் படியும் மூட்டுகள்), குளிர்நிலையில் ஒட்டிய பசை ஈரத்தாலும் அரிப்பாலும் விட்டுப்போனதால், பசை தாங்க வேண்டிய சுமை ரிவெட் வரிசையின்மேல் விழுந்து, துளைகளைச் சுற்றி, சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உண்டாகும் களைப்பு விரிசல்கள் வளர்ந்தன. பசை விட்டுப்போனதையும் விரிசலையும் பராமரிப்பில் கண்டுபிடிக்கத் தவறியதையே விசாரணை அறிக்கை முதன்மையாகச் சுட்டியது. விமானத் துறை பாஸ்பாரிக் அமில அனோடைசிங்கை (அமிலத்தில் மின்சாரம் செலுத்தி ஆக்சைடுப் படலம் வளர்ப்பதை) நம்புவதும் இந்த ஈரத்துக்கு அஞ்சித்தான். அது தரும் நுண்துளை ஆக்சைடுக்குள், பசைக்கு முன் பூசும் ப்ரைமர் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது, ஈரத்தையும் நன்றாகத் தாங்குகிறது.

பதில்: பெயின்ட் கடை

பெரிய முறைகளுக்குப் போகும் முன் உங்கள் துடைக்கும் பழக்கத்தைப் பாருங்கள். எண்ணெயைப் போக்காமல் எமரி போட்டால், அந்த எண்ணெய் கீறல்களுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். ஆகவே முதலில் துடைத்து, பிறகு தேய்த்து, மறுபடியும் துடைக்க வேண்டும். மலிவான தின்னரும் காட்டன் வேஸ்டும் தாமே பிசுக்கை விட்டுச் செல்லக்கூடியவை. அசிட்டோன் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடைத்து, அது ஆவியாகும் முன்பே உலர்ந்த இன்னொரு துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தானாக உலர விட்டால், கரைந்த அழுக்கு அங்கேயே மீண்டும் படிந்துவிடும். துணியில் சாம்பல் கறை வருவது நிற்கும் வரை இதைத் தொடர வேண்டும். பிறகு தகட்டில் சுத்தமான நீரை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள்: நீர் உடையாத ஒரே படலமாக நின்றால் சரி, திட்டுத்திட்டாகச் சுருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அந்தக் கொட்டகையில் யாரும் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

கேள்வி: கோவைப் பட்டறை

மிக்க நன்றி, ஐயா. டைக்ரோமேட் கலந்த அமிலத்தில் நனைத்தெடுக்கும் முறையைப் பற்றிப் படித்தேன், பட்டறையில் செய்யலாமா? அருகிலுள்ள அனோடைசிங் கூடத்துக்கு அனுப்புவது பயன்படுமா?

பதில்: விமானப் பராமரிப்பு, ஓய்வு

டைக்ரோமேட் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதன் கழிவை வெளியேற்ற உங்களிடம் வழியும் இராது. அலுமினா மணலால் சாண்ட் பிளாஸ்ட் செய்து, தூசியை ஊதிவிட்டு, எபாக்சிக்கு உரிய சிலேனை (உலோகத்தையும் பசையையும் பிணைக்கும் வேதிப்பொருள்) நீரில் 1 சதவீதமாகக் கலக்கி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் நீரோடு வினைபுரியவிட்டுப் பூசி, உலர்த்தி, அன்றே ஒட்டுவது உங்கள் அளவுக்குப் போதும். சிலேனின் பங்கு உலர் வலிமையைக் கூட்டுவதல்ல, எல்லைக்குள் நீர் புகுவதைத் தடுப்பது.

சோதனைக்கு இழுவையை நம்பாதீர்கள். 3 மி.மீ. தடிப்புள்ள இரு பட்டைகளை ஒட்டி, ஒரு முனையில் ஆப்பை அடித்துச் செருகி, விரிசல் நுனியைக் கோடிட்டுக் குறித்து, 50 டிகிரி வெப்பமுள்ள ஈரப் பெட்டியில் வையுங்கள். பழைய முறையில் ஒட்டியதையும் புதிய முறையில் ஒட்டியதையும் சேர்த்தே வைத்தால், ஒரே நாளில் எதில் விரிசல் ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

அனோடைசிங் கூடத்தில் வழக்கமாகக் கந்தக அமிலத்தில் செய்து, கொதிநீரில் துளைகளை அடைத்துத் தருவார்கள். அந்த மூடிய முகத்தில் பசைக்குப் பிடிமானம் குறைவு. ஆகவே, அனுப்புவதானால் சீலிங் செய்யாமல் தரும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.