முதல் நேர்காணல்: பதில் தெரிந்தும் வாய் திறக்கவில்லை

இயந்திரவியலில் டிப்ளமோ முடித்த எனக்கு, வரும் வியாழக்கிழமை கோவையிலுள்ள பம்பு தயாரிப்பு நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுப் பயிற்சியாளர் பணிக்கு முதல் நேர்காணல். கல்லூரியில் நடத்திய இரண்டு மாதிரி நேர்காணல்களிலும், ஆங்கிலத்தில் கேள்வி வந்தவுடன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீளம் அளக்கும் கருவிகளில், எங்கள் ஆய்வக வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச்சிறிய அளவு) 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருடையது 0.01 மி.மீ. என்பதைக் கையால் அளந்தே அறிந்த நான், உள்ளங்கை வியர்வையில் சான்றிதழ்க் கோப்பு நனைய, ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருந்தேன்.

அறிமுக உரையை மனப்பாடம் செய்து பார்த்தேன். ஒரு சொல் மறந்தால் மீதியும் மறந்துவிடுகிறது. கைப்பேசியில் பதிவு செய்தும் பழகினேன். தனியாக இருக்கையில் சரளமாக வருகிறது, எதிரே ஆள் அமர்ந்தால்தான் தடை.

ஆட்களைத் தேர்வு செய்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: தமிழில் பதிலளிக்கத் தொடக்கத்திலேயே அனுமதி கேட்பது நல்லதா, ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறும் இடத்தில் மட்டும் தமிழுக்கு மாறுவது நல்லதா?