எக்ஸ் வந்தால் அழுத்தக் கூடாது

தவணையில் வாங்கிய மூன்றாவது கைப்பேசி வீட்டுக்கு வந்த மறுநாள், மனைவியின் வற்புறுத்தலால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சென்றேன். அப்போது எனக்கு வயது 36. முதலில் என்னிடம் தந்தது, பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருக்கக்கூடுமா என்று பார்க்க, உலகச் சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவான ஏ.எஸ்.ஆர்.எஸ். வினாத்தாளின் முதல் பகுதி. அதிலிருந்த ஆறு கேள்விகளில் நான்கு கவனத்தைப் பற்றியவை, இரண்டு துறுதுறுப்பைப் பற்றியவை. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்திய அவசரபுத்தியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பிறர் பேசி முடிக்குமுன் நாமே வாக்கியத்தை முடித்துவைப்பதும், முறை வரும்வரை பொறுக்க முடியாமையும் 18 கேள்விகளின் கடைசியில்தான் வருகின்றன என்பது முழுத் தாளையும் கேட்டு வாங்கிய பிறகே தெரிந்தது.

அடுத்து கணினிச் சோதனை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். எக்ஸ் தவிர எது வந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும், எக்ஸ் வந்தால் விரலை அடக்கிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 14 நிமிடங்களில் 360 எழுத்துகள் வருகின்றன; பத்தில் ஒன்றுதான் எக்ஸ் என்பதால், அழுத்திப் பழகிய விரல் தானாகவே விழப் பார்க்கும் என்பதே அதன் சூட்சுமம். நான் நிச்சயம் தோற்பேன் என்று எண்ணியிருந்தேன். ஆனால் தவறான அழுத்தங்கள் என் வயதினரின் சராசரியை ஒட்டியே இருந்தன. அதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இத்தனை நாள் சொன்னதெல்லாம் வெறும் சாக்குப்போக்கு என்று ஆகிவிடுமோ என்ற அச்சமே வந்தது.

அவசரபுத்தியை அளக்கும் பாரட் அளவுகோல் என்ற வினாத்தாள் வேறு கதை சொன்னது. 30 கூற்றுகள் கொண்ட அதில் மொத்த மதிப்பெண் 30 முதல் 120 வரை செல்லும், கூடக்கூட அவசரபுத்தி அதிகம் என்று பொருள்; எனக்கு 84. இரண்டும் ஏன் முரண்படுகின்றன என்று கேட்டபோது, இவ்விரு வகை அளவீடுகளும் ஒன்றோடொன்று வலுவாகப் பொருந்துவதில்லை என்று ஆய்வுகளிலேயே பதிவாகியிருப்பதாக உளவியலாளர் விளக்கினார். அமைதியான அறை, தெளிவான ஒரே விதி, கால் மணி நேரம்: அங்கே அளக்கப்படுவது விரலின் கட்டுப்பாடு. மேலாளரிடம் திட்டு வாங்கிய இரவில் பதினொரு மணிக்குப் பொருள் வாங்குவது அந்த அறைக்குள் வருவதேயில்லை. மனம் நொந்திருக்கையில் எழும் அவசரத்தைத் தனியாக அளக்கும் யூ.பி.பி.எஸ்.-பி. என்ற வினாத்தாளில்தான் என் மதிப்பெண் எகிறியது. அதன் பிறகு என் அம்மாவிடமும் பேசினார்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருந்தால்தான் ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்ய இயலுமாம்.

•

உங்கள் அனுபவத்தைப் படித்தேன்; எனக்கு நடந்தது உங்களுக்கு நேர்மாறானது. கணினியில் எக்ஸ் வந்தபோதெல்லாம் அழுத்தித் தள்ளினேன். முந்தைய இரவு உறங்காததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கூறி வேறொரு நாள் மீண்டும் வைத்தார்கள். வினாத்தாளிலோ என் மதிப்பெண் குறைவு, ஏனெனில் பிறர் பேச்சில் குறுக்கிடுவதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதே கேள்விகளுக்கு என்னைப் பற்றி அக்கா நிரப்பிய தாளில், குறுக்கிடுதலுக்கு நேராக ‘மிக அடிக்கடி’ என்று இருந்தது. உளவியலாளர் அதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது நான் இரண்டு முறை குறுக்கிட்டேன் என்று வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்.