மாண்டரின் மீன் வயிறு ஒட்டிப்போச்சு, பெல்லட் தீனிய தொடவே மாட்டேங்குது, காப்பாத்த முடியுமா?

பெரம்பூர்_டேங்க்:
வணக்கம் தல, மூணு வாரம் முன்னாடி கொளத்தூர்ல ஒரு கடைல மாண்டரின் மீன் வாங்குனேன், சுண்டுவிரல் சைஸ் கூட இல்ல, நீலத்துல ஆரஞ்சு கலர் கோலம் போட்ட மாதிரி கீது, பாத்ததும் விட மனசு வரல. எது போட்டாலும் துண்ணும்னு சொல்லிதான் குடுத்தாங்க. இங்க பெல்லட் பக்கமே வர்றதில்ல, நாள் ஃபுல்லா பாறைய கொத்திக்கினே இருக்குது, சரி அதுல ஏதோ துண்ணுதுன்னு விட்டுட்டேன். நேத்து கண்ணாடி ஓரமா வந்தப்போ பாத்தா வயிறு குழிவிழுந்து கீது. டேங்க் 80 லிட்டர், செட் பண்ணி நாலு மாசம். என் பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்ததும் அதத்தான் தேடுறா, ப்ளீஸ் சொல்லுங்க.

ரீஃப்_வில்லிவாக்கம்:
ப்ரோ, அது பட்டினி கிடக்குது. அது பாறைல தேடுறது கோப்பிபாட், கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாத குட்டி ஜீவன், நாள் பூரா ஒண்ணொண்ணா பொறுக்கித் தின்னே வளந்த மீன் அது, ஜப்பான் ரியூக்கியூ தீவுல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் பவளப்பாறைல அப்டிதான் வாழுது. நாலு மாச டேங்க்ல இருந்த கோப்பிபாட்ட இந்நேரம் காலி பண்ணியிருக்கும். இன்னிக்கே ஆர்டிமியா (உப்புத்தண்ணில வாழுற குட்டி இறால் மாதிரி ஜீவன்) முட்டை வாங்குங்க, ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் கல்லுப்பு, பாட்டில்ல ஏர் ஓடவுடுங்க, நம்மூரு சூட்டுக்கு ஹீட்டரே வேணாம், ஒரு நாள்ல பொரிஞ்சிடும். அப்புறம் ஏர நிறுத்திட்டு கீழ டார்ச் அடிச்சா குஞ்செல்லாம் வெளிச்சத்துக்கு வரும், முட்டை ஓடு மேல வந்து மெதக்கும். குஞ்ச மட்டும் உறிஞ்சி, அலசி, உடனே போடுங்க, லேட் ஆனா சத்து போயிடும். போடும்போது டேங்க்ல தண்ணிய அலையடிக்க வைக்கிற வேவ்மேக்கர ஆஃப் பண்ணிடுங்க.

கடல்_பைத்தியம்:
மேல சொன்னது கரெக்ட். இன்னொண்ணு, வலைல மட்டும் புடிக்காதீங்க, கன்னத்துல முள்ளு இருக்கு, சிக்கிக்கும், டப்பாவால மொண்டு எடுங்க. அதுக்கு செதிலும் கிடையாது, ஒடம்பு பூரா வழவழன்னு ஒரு பூச்சு, அதான் அதுக்கு கவசம். அந்த நீலமும் சும்மா இல்லங்க, மத்த நீல மீன்ல பெரும்பாலும் வெளிச்சம் பட்டு செதறித்தான் நீலமா தெரியும், இதுல நெஜமாவே நீல நிறமி இருக்கு, அது ரொம்ப அபூர்வம்! வயிறு ரெடியானதும் பழைய பெரிய டேங்க் வச்சிருக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க, 80 லிட்டர் பத்தாது.

பெரம்பூர்_டேங்க்:
ரொம்ப நன்றிண்ணா. முந்தாநேத்து பாட்டில் போட்டேன், இன்னிக்கு காலைல பாறை ஓரமா சிரிஞ்ச்ல மெதுவா வுட்டேன், மொதல்ல ஒதுங்குச்சு, அப்புறம் தலைய சாச்சி பாத்துட்டு டக்குனு ஒண்ண கொத்துச்சு, பொண்ணு பன்னெண்டு வரைக்கும் எண்ணுனா. ரெண்டாவது பாட்டிலும் ஓடிக்கினு கீது. பெரிய டேங்க் இருக்கறவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா சொல்லுங்க.