ஹைக்கூ இயங்குதளத்தில் எலக்ட்ரானிக் தராசு: டிரைவர் எழுத வேண்டுமா, வேறு வழி உண்டா?

முதுநகர் எடைக்காரன் (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு கொள்முதல் கொட்டகை இருக்கிறது. விடியற்காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் கூடை கூடையாக எடை போட்டுச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுப்போம். ஈரக் கையோடு எழுதிய சீட்டு மதியத்துக்குள் கலைந்துவிடுவதால், சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது வாரம் ஒரு முறையாவது தகராறு வந்துவிடுகிறது. அந்த வேலையைக் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று எண்ணி, வீட்டில் சும்மா கிடந்த ஒரு ஜிபி நினைவகமுள்ள பழைய நெட்புக்கில் ஹைக்கூவின் ஐந்தாம் பீட்டாவை, அதாவது சோதனைப் பதிப்பை, நிறுவினேன். மற்ற எந்த இயங்குதளமும் மூச்சுத் திணறிய அந்தக் கணினியில் இது சிரமமில்லாமல் ஓடுகிறது.

தடை இரண்டு இடங்களில் வருகிறது. தராசின் பின்புறம் ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது. விண்டோஸில் செருகினால் அது காம் போர்ட்டாக, அதாவது சீரியல் இணைப்பு வாசலாக, தோன்றி எடையை அனுப்புகிறது, ஹைக்கூவில் செருகினால் டெவ் அடைவின் போர்ட்ஸ் பகுதியில் எதுவும் தோன்றுவதில்லை. இரண்டாவதாக, நான் சி++ மொழியில் எழுதிய சிறிய நிரலின் சாளரத்தில் தமிழ் சிதைகிறது. 'நெத்திலி' என்று கொடுத்தால் நகரம் முதலில் நின்று, ஒற்றைக் கொம்பு அதற்குப் பின்னால் விழுந்து, அடுத்த தகரத்தோடு ஒட்டிக்கொண்டது போலத் தெரிகிறது. டிரைவரை, அதாவது கருவியை இயங்குதளத்தோடு பேச வைக்கும் நிரலை, முதலிலிருந்து நானே எழுத வேண்டியிருக்குமா? எனக்கு சி நன்றாக வரும், சி++ ஓரளவு வரும், இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல் பக்கம் இதுவரை தலைவைத்தும் படுத்ததில்லை.

லாஸ்பேட்டை வாசி (புதுச்சேரி) எழுதியது:

நண்பரே, டிரைவரை முதலிலிருந்து எழுத வேண்டிய தேவை உங்களுக்கு வராது என்றே நினைக்கிறேன். தராசு செய்பவர்கள் யூஎஸ்பி சுற்றைத் தாங்களே வடிவமைப்பது அரிது. உள்ளே, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய சீரியல் இணைப்பையே வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒரு மாற்றுச் சில்லைப் பற்றவைத்துவிடுவார்கள். ஆகவே உங்கள் கேள்வியை 'இந்தத் தராசுக்கு டிரைவர் உண்டா' என்று கேட்பதைவிட, 'இந்தத் தராசுக்குள் இருக்கும் சில்லு எது' என்று கேட்பதே பயனுள்ளது. டெர்மினலில் லிஸ்ட்யூஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் நான்கிலக்க எண்கள் இரண்டு வரும்; முதலாவது நிறுவனத்தின் அடையாளம், அடுத்தது பொருளின் அடையாளம். 0403 என்று தொடங்கினால் எஃப்டிடிஐ, 067பி என்றால் ப்ரோலிஃபிக், 10சி4 என்றால் சிலிக்கான் லேப்ஸ்.

இந்தச் சில்லுகளை இயக்கும் நிரல் ஹைக்கூவின் மூலநிரலில், கெர்னல் டிரைவர்களின் அடைவில், யூஎஸ்பி சீரியல் என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. சில்லு வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக் கோப்பு, அதில் தெரிந்த கருவிகளின் பட்டியல். கருவியைச் செருகியதும் டிரைவர் அந்த இரண்டு எண்களையும் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் 'இது நமக்கில்லை' என்று விட்டுவிடும். சிலிக்கான் லேப்ஸ் சில்லு தொழிற்சாலையிலிருந்து ஈஏ60 என்ற பொருள் எண்ணோடு வரும், ஆனால் அதை வாங்கிப் பொருத்துபவர் தமக்கென ஒரு எண்ணை எழுதிக்கொள்ள வழி உண்டு. உங்கள் தராசில் நடந்திருப்பது அதுவாக இருந்தால், பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதோடு உங்கள் டிரைவர் வேலை முடிந்துவிடும்.

மூலநிரலை ஹைக்கூவுக்குள்ளேயே வைத்துத் தொகுக்கலாம் என்றாலும், அந்த நெட்புக்கில் முயன்றால் பொழுது விடிந்துவிடும். வேறொரு கணினியில் லினக்ஸில் வைத்து, ஜாம் என்ற கட்டுமானக் கருவியைக் கொண்டு அந்த ஒரு டிரைவரை மட்டும் தொகுத்துக்கொள்ளுங்கள். இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஹைக்கூவின் கணினிக் கோப்புகள் அனைத்தும் மாற்ற முடியாத பொதிகளாகவே (பேக்கேஜ்) ஏற்றப்படுவதால், சிஸ்டம் அடைவுக்குள் பழைய டிரைவரின் மேல் புதியதை நகலெடுத்து ஒட்ட முடியாது. நான்-பேக்கேஜ்ட் என்ற அடைவில் அதே உள்ளமைப்பை உருவாக்கிப் புதியதை வையுங்கள். பொதியில் இருக்கும் பழையதை, அமைப்புகள் அடைவிலுள்ள பேக்கேஜஸ் என்ற கோப்பில் ஒரு குறிப்பு எழுதி மறைத்துவிடுங்கள். இந்த இரண்டாவது படியை மறந்துவிட்டு, திருத்திய நிரல் ஓடுகிறது என்ற நினைப்பில் பழைய நிரலையே இரண்டு நாள் சோதித்துக்கொண்டிருந்தவன் நான். அதிலிருந்து, தொடங்கும்போதே கணினியின் நிகழ்வுப் பதிவான சிஸ்லாக்கில் என் பெயரை ஒரு வரி எழுதும்படி வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

டிரைவர் கெர்னலுக்குள் ஓடுவதால், அதில் பிழை நேர்ந்தால் திரை முழுவதும் எழுத்துகளாகி கெர்னல் பிழைதிருத்தத் திரை வந்து நிற்கும். பதற வேண்டாம். அங்கே பிடி (bt) என்று தட்டினால், எந்தச் சார்பிலிருந்து எந்தச் சார்பு அழைக்கப்பட்டு அந்த இடத்துக்கு வந்தது என்ற தடம் கிடைக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து இங்கே இடுங்கள்.

நெய்வேலி அனல் எழுதியது:

உற்சாகத்தைக் குலைப்பதாக எண்ண வேண்டாம், ஆனால் பணம் புழங்கும் இடத்தில் இதை வைக்கலாமா என்று யாராவது கேட்டாக வேண்டும். பிஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தை உருவாக்கிய பி நிறுவனத்தின் சொத்துகளை பாம் நிறுவனம் வாங்கிய 2001ஆம் ஆண்டிலேயே, அதைத் திறந்த மூலமாக மீண்டும் எழுத ஓபன்பிஓஎஸ் என்ற பெயரில் இந்தத் திட்டம் தொடங்கியது. 2004இல் ஹைக்கூ ஆயிற்று. முதல் ஆல்ஃபா 2009இல், முதல் பீட்டா 2018இல், ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது. முதல் பதிப்பு இன்னும் பீட்டாவைத் தாண்டவில்லை. அதைவிட முக்கியமாக, இது ஒற்றைப் பயனர் இயங்குதளம்; கணினியைத் திறக்கும் எவரும் நிர்வாகிக்குரிய எல்லா உரிமையோடும்தான் உட்காருகிறார். கொட்டகையில் வேலை செய்யும் பையன் ஒருவன் தெரியாமல் ஒரு அடைவை அழித்துவிட்டால் தடுப்பதற்கு எதுவுமில்லை. இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவினால் தராசும் தமிழும் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.

லாஸ்பேட்டை வாசி எழுதியது:

நெய்வேலி நண்பர் ஒற்றைப் பயனர் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. தினமும் இரவில் கணக்கை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள் என்பதே அதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில். ஆனால் இந்த இயங்குதளத்தில் இவருடைய வேலைக்கென்றே அமைந்தது போன்ற ஒரு வசதி இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஹைக்கூவின் பிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு கோப்போடு எத்தனை பண்புகளை வேண்டுமானாலும் பெயரிட்டுச் சேர்க்கலாம். ஒவ்வொரு எடைச் சீட்டையும் ஒரு சிறு கோப்பாக்கி, மீனின் பெயர், படகு எண், எடை ஆகியவற்றை அதன் பண்புகளாக வைத்தால், 'இந்தப் படகு, ஐம்பது கிலோவுக்கு மேல்' என்று கோப்பு முறைமையிடமே தேடலாம். தனியே ஒரு தரவுத்தளம் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தேட வேண்டிய பண்புக்கு எம்கேஇண்டெக்ஸ் கட்டளையால் முன்கூட்டியே அட்டவணை அமைத்திருக்க வேண்டும், அட்டவணைக்கு முன்பு எழுதிய சீட்டுகள் தேடலில் வராது. துறைமுகப் பக்கம் மழைக்காலத்தில் மின்சாரம் எப்படி வந்து போகும் என்பது நமக்குத் தெரியும். பிஎஃப்எஸ் தன் மாற்றங்களை முதலில் பதிவேட்டில் எழுதும் முறைமை என்பதால், கணினி திடீரென அணைந்தாலும் கோப்பு முறைமையின் கட்டமைப்பு குலையாது.

மஞ்சக்குப்பம் எழுத்துரு எழுதியது:

தமிழ் பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். ஹைக்கூ எழுத்துகளைச் சேமிப்பது யூடிஎஃப்-8 முறையில் என்பதால் உங்கள் தரவில் குறை எதுவும் இல்லை. சிதைவது திரையில் வரையும்போது மட்டுமே. யூனிகோடில் 'நெ' என்பது முதலில் நகரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவருவது, வரைவதற்கு முன் நடக்க வேண்டிய வடிவமைப்பு வேலை. ஹைக்கூவில் எழுத்தை வரையும் ஆப் சர்வர் அந்த வேலையைச் செய்யாமல், வந்த வரிசையிலேயே ஒவ்வொரு குறியையும் வைத்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது. எழுத்துருவை மாற்றிப் பார்த்துப் பொழுதைக் கழிக்காதீர்கள். எந்த எழுத்துருவாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆப் சர்வரைத் திருத்துவதே சரியான தீர்வு என்றாலும் அது பெரிய வேலை. உங்கள் சீட்டுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண ரசீது அச்சுப்பொறிகளில் தமிழ் எழுத்துரு இருக்காது என்பதால், எப்படியும் சீட்டை ஒரு படமாக வரைந்துதான் அனுப்பப் போகிறீர்கள். ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப் ஆகிய இரண்டு நூலகங்களும் ஹைக்கூவுக்கான மென்பொருள் தொகுப்பான ஹைக்கூபோர்ட்ஸில் பொதிகளாகக் கிடைக்கின்றன. முதலாவது, கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைத்து எழுத்துருவின் எந்தக் குறி எங்கே வர வேண்டும் என்று சொல்லிவிடும். இரண்டாவது அவற்றைப் புள்ளிகளாக்கித் தரும். 58 மில்லிமீட்டர் தாளில் அச்சிடும் பொறிக்குப் பொதுவாக ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள், அதாவது 48 பைட்டுகள். அந்தப் படத்தையே நிரலின் சாளரத்திலும் காட்டிவிட்டால், திரையும் தாளும் ஒன்றுபோல இருக்கும்.

முதுநகர் எடைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. லினக்ஸ் யோசனையைத் தள்ளிவிடவில்லை. பொங்கல் வரை இதைச் சோதித்துவிட்டு முடிவு செய்கிறேன், அதுவரை கைச்சீட்டும் நிற்காது. லாஸ்பேட்டை ஐயா சொன்னது அப்படியே பலித்தது: முதல் எண் 10சி4, இரண்டாவது எண் பட்டியலில் இல்லாதது. ஒரு வரி சேர்த்துத் தொகுத்ததும் போர்ட் தோன்றிவிட்டது. ஆனால் இப்போது ஒரு விநோதத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வேகத்தைத் தராசின் கையேட்டில் உள்ளபடி 9600 என்றே வைத்திருக்கிறேன். 30.65 கிலோ ஏற்றினால் இலக்கங்கள் ஒழுங்காக வருகின்றன, 12.40 ஏற்றினால் பூஜ்யம் தவிர மற்ற இலக்கங்கள் எல்லாம் குப்பையாக வருகின்றன. ஒரு மணி நேரம் அரிசி மூட்டைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் 0, 3, 5, 6, 9 ஆகிய ஐந்தும் எப்போதும் சரியாக வருகின்றன, 1, 2, 4, 7, 8 ஆகிய ஐந்தும் எப்போதும் கெடுகின்றன. டிரைவரில் நான் ஏதாவது உடைத்துவிட்டேனா?

லாஸ்பேட்டை வாசி எழுதியது:

டிரைவரில் குற்றமில்லை. அரிசி மூட்டையை வைத்து நீங்கள் கண்டுபிடித்த அந்த இரண்டு குழுக்களே விடையைச் சொல்லிவிட்டன. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் 0, 3, 5, 6, 9 ஆகியவற்றின் ஏழு பிட்டுகளை எழுதிப் பாருங்கள். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும். மற்ற ஐந்திலும் அது ஒற்றைப்படை. உங்கள் தராசு ஏழு தரவு பிட்டுகளையும் பிழை காண உதவும் இரட்டைச் சமநிலை (ஈவன் பேரிட்டி) பிட் ஒன்றையும் அனுப்புகிறது, நீங்கள் அதை எட்டு தரவு பிட்டுகளாகப் படிக்கிறீர்கள். ஒன்றுகள் ஒற்றைப்படையாக உள்ள இலக்கங்களில் சமநிலை பிட் ஒன்றாகி, எட்டாவது பிட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏழும் ஒன்றும் எட்டு என்பதால் சட்டகத்தின் நீளம் மாறவில்லை. அதனால்தான் பாதியாவது சரியாக வந்தது. சீரியல் போர்ட்டைக் கையாள ஹைக்கூ தரும் பிசீரியல்போர்ட் வகுப்பில் ஏழு பிட், இரட்டைச் சமநிலை என்று அமைக்கலாம். அல்லது வரும் ஒவ்வொரு பைட்டிலும் மேல் பிட்டை நீக்கிவிடுங்கள், முடிந்தது.

சேர்த்த அந்த ஒரு வரியை உங்களிடமே வைத்துக்கொள்ளாமல் ஹைக்கூவின் ஜெர்ரிட் தளத்தில் பரிசீலனைக்கு அனுப்புங்கள். அதே தராசை வாங்கிய இன்னொருவர் எங்காவது இருப்பார்.

முதுநகர் எடைக்காரன் எழுதியது:

மேல் பிட்டை நீக்கினேன். பத்து இலக்கங்களும் வந்துவிட்டன. ஹார்ஃப்பஸ் கொண்டு வரைந்த முதல் சீட்டில் கொம்பு நகரத்துக்கு முன்னால் நிற்கிறது. 'கொடுவா' என்று வரும்போது மட்டும் துணைக்கால் தாளின் ஓரத்தில் பாதி வெட்டுப்படுகிறது, அது என் அகலக் கணக்கில் நேர்ந்த பிழை என்று நினைக்கிறேன். நாளை விடியற்காலை முதல் படகின் கூடைகளை இதில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, சேர்த்த வரியை இரவில் அனுப்புகிறேன்.