பழைய சுவிட்சுப் பெட்டி உள்ள வீட்டை ஸ்மார்ட் வீடாக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தண்டையார்பேட்டை இல்லத்தரசி

வணக்கம். எங்களுடையது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய மாடி வீடு. கீழே மாமியார் இருக்கிறார். மேலே நாங்கள் நால்வர். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவதால் வாரம் ஒரு முறையாவது மேல்தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் இறங்கி, விடிந்ததும் விடியாததுமாகப் பேச்சு வாங்குகிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி இருப்பதால், இரவில் குளியலறைக்குப் போக எழுந்தால் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே சுவிட்சு வரை நடக்க வேண்டியிருக்கிறது.

இவற்றைச் சொல்லி ஒரு கடையில் விசாரித்தபோது, வீடு முழுவதற்கும் ஸ்மார்ட் சுவிட்சு, நான்கு கேமரா, குரலுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி என்று பெரிய பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு உண்மையில் எது தேவை? கரண்ட்டோ இணையமோ போனால் இவை என்னவாகும்? பழைய சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியுமா? மாமியாருக்குக் கைபேசியில் பேசத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

பதில்: பெரம்பூர் வயர்மேன்

அம்மா, அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் முதலில் பாருங்கள். உங்கள் பணமும் நிம்மதியும் போவது அங்கேதான். அதற்கு வைஃபையும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். சம்ப்பில் ஒரு மிதவை, மேல்தொட்டியில் ஒரு மிதவை, இரண்டையும் இணைக்கும் தண்ணீர் மட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, இவ்வளவுதான். மேலே நிரம்பினால் மோட்டார் நிற்கும். கீழே சம்ப் காலியானாலும் நிற்கும். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மெட்ரோ தண்ணீர் வராத நாளில் மோட்டார் வெறுமனே ஓடினால் உள்ளே இருக்கும் சீல் கருகிவிடும். பிறகு மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். தொட்டிக்குள் இறங்கும் ஒயரில் 12 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தம்தான் ஓட வேண்டும். 230 வோல்ட்டைத் தண்ணீருக்குள் விடும் மலிவான இணைப்புக்கு எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்து, மோட்டாரை நேரடியாக ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக் கூடாது. பிளக்கின் மேல் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் அது ஹீட்டர் போன்ற பளுவுக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; நாளடைவில் உள்ளே இணைப்பைப் போட்டு எடுக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும். அதன்பின் செயலியில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில், மோட்டாரின் பளுவைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

சுவிட்சுகளைப் பொறுத்தவரை, ஸ்மார்ட் சுவிட்சு எப்போதும் விழித்திருக்க வேண்டிய பொருள் என்பதால் பெரும்பாலானவற்றுக்கு, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் தேவை. பழைய வீடுகளில் விளக்குச் சுவிட்சு மட்டும் உள்ள பெட்டியில் மின்சாரம் வரும் பேஸ் ஒயரும், விளக்குக்குப் போகும் ஒயரும்தான் இருக்கும். அதே பெட்டியில் பிளக் பாயின்ட்டும் இருந்தால் அங்கே நியூட்ரல் வந்திருக்கும். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் என்று விற்கும் சுவிட்சுகள் விளக்கின் வழியாகச் சிறிது மின்சாரத்தைக் கசியவிட்டுத்தான் உயிர்வாழ்கின்றன. சிறிய எல்இடி பல்பு போட்டிருந்தால் அணைத்த பிறகும் மினுக்கும். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சிறு ரிலே பெட்டியைப் பழைய சுவிட்சோடு சேர்த்து இணைத்தால், இணையம் இல்லாவிட்டாலும் கையால் தட்டி விளக்கைப் போடலாம். எதை வாங்கினாலும் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பதில்: காசிமேட்டுக் கடற்கரைவாசி

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தில் வீடு முழுக்க ஸ்மார்ட் பல்பு மாட்டினேன். ஒரு நாள் நள்ளிரவில் கரண்ட் போய், இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது ஆறு அறைகளிலும் பல்புகள் முழு வெளிச்சத்தில் எரிந்தன. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது. கரண்ட் வந்ததும் எரிய வேண்டுமா, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா என்று செயலியில் ஓர் அமைப்பு இருப்பதை மறுநாள்தான் கண்டேன். அதைவிடப் பெரிய குறை, யாராவது சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்பு வெறும் கண்ணாடிதான். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பல்பைவிடச் சுவிட்சுப் பக்கம் செலவழிப்பதே மேல்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. உப்புக் காற்று. மொட்டைமாடியில் வைத்த உணரியை ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்த்தேன். செம்பு முனைகள் முழுக்கப் பச்சைப் பூச்சு. திருகு, துருவில் தலையே தேய்ந்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கவில்லை. வெளியே வைப்பதற்கு ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீர் தொட்டியில் கம்பி முனைகள் கொண்ட உணரி வேண்டாம், உப்பு படிந்து பொய் சொல்லும். மிதவையே நல்லது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மெயினை அணைத்துவிட்டு எங்கள் எலக்ட்ரீஷியன் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். கூடத்தில் நியூட்ரல் இருக்கிறது. மாமியார் அறையில் இல்லை. அந்த அறைக்கு என்ன செய்யலாம்? இத்தனை பொருள்களும் எப்போதும் விழித்திருந்தால் கரண்ட் பில் ஏறாதா?

பதில்: கொளத்தூர் மென்பொருள்காரர்

மாமியார் அறைக்குச் சுவிட்சையே தொட வேண்டாம். ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானே எரியும் சிறு விளக்குகள், பேட்டரியில் ஓடுபவையாகக் கிடைக்கின்றன. கட்டிலுக்குக் கீழே ஒன்று, குளியலறை வாசலில் முழங்கால் உயரத்தில் ஒன்று ஒட்டினால் போதும். கால் தரையில் பட்டதும் வெளிச்சம் வரும். இணையமோ கைபேசியோ அதற்குத் தேவையில்லை. ஒரு நுணுக்கம் மட்டும் நினைவிருக்கட்டும். இந்த உணரி, உடற்சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. நம் ஊர் மே மாதத்தில் அறையின் வெப்பமே 36 டிகிரியை நெருங்கும்போது அது கொஞ்சம் மந்தமாகும். ஆகவே தூரத்தில் வைக்காமல், நடக்கும் வழிக்கு அருகிலேயே வையுங்கள்.

பில் விஷயத்துக்கு வருவோம். சும்மா இருக்கும்போது ஒரு ஸ்மார்ட் சுவிட்சு ஏறத்தாழ 1 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நம் இரண்டு மாதக் கணக்கீட்டில் 1.44 யூனிட், பத்து சுவிட்சுகளுக்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல். பயப்படும் அளவு இல்லைதான், ஆனால் 'ஸ்மார்ட் போட்டால் பில் குறையும்' என்று கடைக்காரர் சொன்னால் இதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். பில் குறைய வேண்டுமானால் மின்விசிறியை மாற்றுங்கள். பழைய விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை விசிறி ஏறத்தாழ 30 வாட். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் ஒரே விசிறியில் 32 யூனிட் மிச்சம். ரிமோட்டும் கூடவே வரும். சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை மட்டும் இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

கூடத்துக்குச் சுவிட்சு வாங்கினால் பெட்டியின் மேல் 'மேட்டர்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள், கூகுள், அமேசான் உள்ளிட்ட பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி, 2022 அக்டோபரில் வெளியான பொதுத் தரம் அது; இணையம் போனாலும் வீட்டுக்குள் உள்ள வைஃபை வழியே கட்டளை போய்ச்சேரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அப்போதும் ரவுட்டருக்குக் கரண்ட் வேண்டும் என்பதால், இன்வெர்ட்டர் இணைப்பிலோ சிறிய யுபிஎஸ்ஸிலோ ரவுட்டரை மாட்டிவிடுங்கள். இத்தகைய சுவிட்சுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். முதன்முறை இணைக்கும்போது கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்து அமைப்பு ஏறவில்லை என்றால், பொருளைப் பழிக்காமல் ரவுட்டரில் அலைவரிசையை மாற்றிப் பாருங்கள்.

கேமரா நான்கு எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. வாசலுக்கு ஒன்று போதும். அதிலும் மெமரி கார்டில் பதிவாகும் வகையாக வாங்கி, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். எதிர்வீட்டு ஜன்னல் தெரியாதபடி திருப்பி வையுங்கள். தொட்டித் தண்ணீருக்கு வாங்கிய பேச்சே போதும்.

பெரம்பூர் வயர்மேன்

ஒன்று விட்டுப்போயிற்று. பெட்டிகளைத் திறந்தபோது மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்தாரா? இல்லையென்றால் மிதவைக்கும் முன்பு அதை மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய பின் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை உங்கள் கையாலேயே அழுத்தி, அது விழுவதைப் பார்த்த பிறகு அவருக்குக் கூலி கொடுங்கள்.