58 மி.மீ. எஃப் 1.4ஜி: சார்ட்டில் மோசம், முகத்தில் அழகு. லென்ஸில் கோளாறா?

கேள்வி:
நிக்கான் டி750 கேமரா, செகண்ட்ஹேண்ட் 58 மி.மீ. எஃப் 1.4ஜி லென்ஸ். சுவரில் ஒட்டின சார்ட்டை (தெளிவை அளக்கும் கோட்டுப் படம்) லென்ஸை முழுசாத் திறந்து எஃப் 1.4ல் எடுத்தால் நடுவே மங்கல், ஓரம் சுத்தமாகக் கரைந்துவிடுகிறது. விலை குறைவான 85 மி.மீ. எஃப் 1.8ஜி அதே சார்ட்டில் ஊசி மாதிரி இருக்கு. ஆனால் ஆள் படம்னா 58 எடுத்ததுதான் பிடிக்குது. திருப்பித் தர ஒரு வாரம் டைம் இருக்கு. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதல்ல கோளாறு இருக்கான்னு பாருங்க, அழகு அப்புறம். இருட்டு அறை, ட்ரைபாட், 5 மீட்டர் தள்ளி மோடம்ல இருக்கிற மாதிரி ஒரு சின்ன எல்இடி. எஃப் 1.4ல் அந்தப் புள்ளியை நாலு மூலைக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு தடவையும் லைவ் வியூல (பின்பக்கத் திரையில பார்த்து) பெரிதாக்கி கையால் ஃபோகஸ் பண்ணி எடுங்க. நாலு புள்ளியும் ஒரே மாதிரி இழுபட்டிருந்தா அது டிசைன். ஒரு மூலை மட்டும் அசிங்கமா இருந்தா உள்ளே கண்ணாடி விலகியிருக்கு, யோசிக்காம திருப்பிக் கொடுங்க.

மூலையில் தனியா ஃபோகஸ் பண்ணினதும் தெளிவு கூடினா, ஃபோகஸ் தளம் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். தட்டையான சார்ட் அதைத்தான் தண்டிக்குது. முகம் தட்டை இல்லையே.

பதில் 2:
ஆள் படத்துல உங்களுக்குப் பிடிக்கிற அந்த "லுக்" ஒண்ணும் மந்திரம் இல்லை. 2013ல வந்த இந்த 58 லென்ஸில் கோளப் பிறழ்ச்சியை (லென்ஸோட ஓரம் வழியா வர்ற ஒளியும் நடு வழியா வர்ற ஒளியும் ஒரே இடத்துல சேராத குறை) முழுசா அடக்காம விட்டிருக்காங்க. அதனால பின்னணியில மங்கித் தெரியிற ஒளி வட்டங்களோட விளிம்பு மெத்துனு கரையும். அதே காரணத்தால சார்ட்ல கான்ட்ராஸ்ட் விழும். சார்ட் ஃபோகஸான இடத்தை மட்டும்தான் அளக்குது.

பின்னணி மங்கலோட அளவுல 85தான் ஜெயிக்கும்: 58ஐ 1.4ஆல வகுத்தா திறப்பு 41 மி.மீ., 85ஐ 1.8ஆல வகுத்தா 47. ஒரே ஃப்ரேமிங்ல தூரத்துப் பின்னணி 85லதான் அதிகமா கரையும். ஒப்பிடும்போது 58ஐ 1.5 மீட்டர்லயும் 85ஐ 2.2 மீட்டர்லயும் வைங்க. இல்லேன்னா முக அளவு மாறி தீர்ப்பு கெட்டுடும். பின்னால இலைகள் இருக்கட்டும், வெற்றுச் சுவர் எதையும் காட்டாது. ரா ஃபைல் (கேமரா மெருகேத்தாத மூலப் படம்), ஷார்ப்பனிங் பூஜ்யம், எது எந்த லென்ஸ்னு தெரியாம வேற யாராவது கலைச்சுக் காட்டட்டும்.

கேள்வி கேட்டவர்:
நாலு மூலையும் ஒண்ணுதான். லைவ் வியூல நடு தெளிவு. வ்யூஃபைண்டர் வழியா எடுத்தா கண்ணுக்குப் பதில் காது தெளிவா வருது.

பதில் 1:
அப்போ லென்ஸ் நல்லாத்தான் இருக்கு, வ்யூஃபைண்டர்ல பாடியோட ஆட்டோஃபோகஸ்தான் பின்னால விழுது. கேமரா மெனுவுல ஏஎஃப் ஃபைன் ட்யூன்ல (ஆட்டோஃபோகஸை முன்னே பின்னே நகர்த்துற அமைப்பு) மைனஸ் பக்கம் போங்க, ஃபோகஸ் முன்னால வரும். மைனஸ் 5ல ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டா நகர்த்துங்க, எல்லை 20. ஆள் நிக்கிற 1.5 மீட்டர்லயே பாருங்க. 5 மீட்டர்ல சரியானது கிட்ட வந்தா தப்பலாம்.

பதில் 2:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். கோளப் பிறழ்ச்சி மிச்சம் வச்ச லென்ஸை எஃப் 2, 2.8னு மூடும்போது ஃபோகஸ் இன்னும் கொஞ்சம் பின்னால நகரும். பாடி ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் சேமிக்கும். அதனால அதிகமா எந்த அப்பர்ச்சர்ல (திறப்புல) எடுப்பீங்களோ அதுல ட்யூன் பண்ணுங்க.