டர்போசார்ஜருக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அன்பர்களே, கார் வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நாலு சிலிண்டர் டர்போ செடான் பற்றிய பகுதி: ஸ்லாவியா, விர்டஸ், வெர்னா. சிலிண்டருக்கு உருளை இருக்கிறது. டர்போசார்ஜருக்குப் பழைய கோப்பில் 'சுழல் மின்னேற்றி' என்று கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

பாலிடெக்னிக் ஆசிரியர், கோவை:
மின்னேற்றி வேண்டவே வேண்டாம் அம்மா. பையன்கள் செல்போன் சார்ஜர் என்று நினைத்துக்கொள்வார்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உருளைக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். அதனால்தான் 1.5 லிட்டர் ஸ்லாவியா நிமிடத்துக்கு 1600 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. ஏசி போட்டு, நாலு பேரோடு மேம்பாலம் ஏறும்போது சும்மா சும்மா கியர் குறைக்க வேண்டியதில்லை. என் ஓட்டு 'சுழலூட்டி'.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
//சுழலூட்டி//
வேற்றுமைத்தொகை என்றால் சுழலை ஊட்டுவது. வினைத்தொகை என்றால் சுழலும் ஊட்டி. எப்படிப் பிரித்தாலும் ஊட்டப்படும் காற்றைக் காணோம். 'வளியூட்டி' என்க. புறநானூறு 66இல் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை 'வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்று விளிக்கிறார். காற்றை வேலை வாங்கியவனின் வழித்தோன்றலே என்று! லத்தீன் 'டர்போ'வும் சுழல்காற்றையும் பம்பரத்தையும் குறிக்கும். வளை, வளையம், வளி மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியியலாளர், யாழ்ப்பாணம்:
ஐயா, சூப்பர்சார்ஜரும் வளியைத்தானே ஊட்டுது? அது எஞ்சின் பெல்ட்டால ஓடுறது, இது புகையால. ரெண்டுக்கும் ஒரே பேரோ? புகை எங்க போச்சுது உங்கட சொல்லில?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
'புகைவிசை வளியூட்டி'.

கார் ஆர்வலர், மதுரை:
ஐயோ! ஒர்க்‌ஷாப்பில் போய் 'புகைவிசை வளியூட்டி விசிலடிக்குது' என்றால் மெக்கானிக் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். டர்போ என்றே போடுங்கள். ஹைவேயில் விரட்டிவிட்டு வந்து உடனே ஆஃப் பண்ணக் கூடாது, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் ஆயில் ஓடி டர்போ சூடு தணியும் என்று ஒரு குறிப்பு வருமல்லவா? சொல் புரியாமல் அதைத் தாண்டிப் போனால் செலவு வைப்பது பெரிய பாகம்.

பாலிடெக்னிக் ஆசிரியர், கோவை:
//டர்போ என்றே போடுங்கள்//
அப்படியென்றால் கலைச்சொல்லே எதற்கு? வகுப்பில் சுழலூட்டி என்று சொல்லித்தான் நடத்துகிறேன். யாரும் மயங்கி விழவில்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
சரி, மூன்று பேர் தனி மடலில் சுழலூட்டி என்கிறார்கள். முதலில் வருமிடத்தில் 'டர்போ எனும் சுழலூட்டி', அப்புறம் எல்லாம் டர்போ. மிதித்ததும் வேகம் வராமல் ஒரு கணம் தயங்குகிறதே, அதற்குச் 'சுணக்கம்' என்று எழுதிவிட்டேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
சுணக்கம் நன்று. சுழலூட்டிக்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை என்ன செய்தீர்கள்?